எண்ணப்பட்டவர்கள் எண்ணத் தொடங்கும்போது

(அடையாறில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஞாயிறு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரிதாக மாற்றப்படவில்லை.)



புள்ளியியலையும், தரவுகளைப் படமாக வரைவதையும் இணையத்தில் காசில்லாமல் கற்றுக்கொள்வது எப்படி என்று பேச ஒரு கவிதைக்காரனைக் கூப்பிட்டிருக்கீங்க. நான் பகலில் தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். ராத்திரியில் கவிதை. கல்லூரியில் படித்தது வணிகவியல். அங்கே புள்ளியியல் என்று ஒரு தாள் இருந்தது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி எழுதிப் பாஸ் பண்ணினோம். அந்தச் சராசரி யாருடைய சராசரி என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. இப்போ எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சம், நாலு வருஷமா ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு பழைய லேப்டாப்பில் கற்றுக்கொண்டது. அதனால் இதைப் பேராசிரியர் உரையாக எடுத்துக்காதீங்க. பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்லித் தருவது மாதிரி கேளுங்க.

தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், யோசிப்பதும்தான். ஒரே சொல். இந்த ஒரே சொல்லை ஊரும் சேரியுமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்க தாத்தா காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் நிலம் அளக்க வந்தால் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் ஓடியது நம்ம ஆள். வரப்பு மேல் நின்று அடங்கலில் எழுதியது கர்ணம். அளந்தது நம்ம கால், எழுதியது அவர் கை. எழுதினவன் சொன்னதுதான் நிலம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பதவி ஒழிந்தது. கணக்கு என்றால் அது 'அவங்க' சமாச்சாரம் என்கிற எண்ணம் ஒழிந்ததா? மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றி ஒரு நடை நடந்து கணக்கு டியூஷன் போர்டுகளைப் படிச்சுப் பாருங்க. கணக்கு ரத்தத்தில் வருகிறது என்று இன்னும் நம்பவைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

எழும்பூர் மியூசியத்துக்கு நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்தில் டூர் போயிருப்பீங்க. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்திருப்பீங்க. அந்த மியூசியத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909ல் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டவர். கையில் அளவுகோல், இடுக்கி. ஆளை நிறுத்தி மண்டையை அளப்பது, மூக்கை அளப்பது. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் அதுக்குப் பேர் நாசிக் குறியீடு. வடக்கே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகலமானால் சாதி கீழே, மூக்கு கூரானால் சாதி மேலே என்று ஒரு 'விதி'யே சொன்னார். மனுவுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்த வேலை அது. நம் முன்னோர்கள் முதன்முதலில் 'தரவு' ஆனது இப்படித்தான்: ஒரு வெள்ளைக்காரன் கையில் இருந்த இடுக்கிக்கு நடுவில்.

இதைச் சொன்னதும் நம்ம தோழர்கள் சிலர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எண் என்பதே அதிகாரத்தின் மொழி, நமக்கு நம் அனுபவம் போதும், வலியை சதவீதத்தில் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். கவிஞன் என்ற முறையில் எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கத்தான் செய்யுது. ஆனால் ஒத்துக்க முடியவில்லை. ஏனென்றால் அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. 1948ல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில் அவர் என்ன செய்தார்? அதே மூக்கு அளவுகளை எடுத்தார். மாகாணம் மாகாணமாக பிராமணர் அளவையும் தீண்டப்படாதோர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இனம் வேறு என்பதால்தான் தீண்டாமை வந்தது என்ற கதைக்கு உங்கள் அட்டவணையிலேயே ஆதாரம் இல்லையே என்று காட்டினார். எதிராளியின் அட்டவணையை எதிராளியைவிட நன்றாகப் படித்தார். அதுதான் நான் இன்றைக்குக் கேட்கும் படிப்பு.

இன்னொன்று நம்ம மண்ணிலேயே இருக்கு. 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். கூலி, கடன், வீட்டுமனை, நிலம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிய அறிக்கை. அதைத் தொடர்ந்துதான் 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டபோது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைத் துப்பாக்கிக்குக் கொடுத்தோம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட அறிக்கை, அதன் பின்னால் வந்த ஆணை, சர்வே எண். இவை இல்லாமல் அந்தப் போராட்டம் எதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்? 1907 முதல் இதோ ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' நடத்திய பண்டிதர் அயோத்திதாசரும், கணக்கெடுப்பில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்று சர்க்காரோடு வாதாடியவர்தான்.

சரி, படத்துக்கு வருவோம். டு போய்ஸ் என்ற பெயரைச் சிலர் கேட்டிருப்பீங்க. அமெரிக்கக் கறுப்பின அறிஞர். 1900ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் தன்னிடம் படித்த மாணவர்களோடு சேர்ந்து சுமார் அறுபது வரைபடங்களைக் கையாலேயே வரைந்து அனுப்பினார். அடிமைமுறை ஒழிந்து அப்போ 35 வருஷம்தான் ஆகியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பர்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம், வீட்டுச் சாமான்களின் மதிப்பு எவ்வளவு, நகரத்தில் எத்தனை பேர், கிராமத்தில் எத்தனை பேர். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று அடித்த வண்ணம். ஒரு கோடு தாளுக்குள் அடங்காமல் போனால் அதைச் சுருட்டிச் சுருள் ஆக்கிவிட்டார்கள். ஒரு படத்தில் 1790லிருந்து 1870 வரைக்கும் அடிமைகள் எத்தனை பங்கு, விடுதலை பெற்றவர் எத்தனை பங்கு. தாள் முழுக்க கறுப்பு, மேலே ஒரு மெல்லிய பச்சைப் பட்டை, கடைசியில் அந்தப் பச்சை அப்படியே கீழே இறங்கி முழுசா நிரம்புது. நான் பார்த்த கவிதைகளில் அதுவும் ஒன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் எல்லாப் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இரவே கைபேசியில் பாருங்க. 1946ல் அம்பேத்கர் இந்த டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவரும் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆவணத் தளத்தில் இருக்கு.

இனி எங்கே படிப்பது. தி.நகரில் மாடிக்கு மாடி 'டேட்டா சயின்ஸ்' போர்டு தொங்குது. மூன்று மாதத்தில் வேலை என்கிறான். ஃபீஸ் கேட்டால் என் இரண்டு மாதச் சம்பளம். அங்கே போகவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே சொல்லித் தருவதில் பெரும்பகுதி வெளியே சும்மா கிடக்குது.

முதலில் தமிழில் ஆரம்பியுங்க. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் 'புள்ளியியல்' பாடநூல் தமிழ்வழியிலேயே இருக்கு, பி.டி.எஃப். ஆக இறக்கிக்கலாம். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், நிகழ்தகவு, மாதிரி எடுப்பது எல்லாம் நம் மொழியில், கணக்கோடு. இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. இலவசப் புத்தகத்தில் யாருக்கு லாபம்? கணியம் தளத்தில் பைதான், தரவுத்தளம், இயந்திரக் கற்றல் பற்றியெல்லாம் எளிய தமிழில் மின்னூல்கள் இருக்கு. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரெ ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்குது. எக்செல்லுக்குப் பதில் கால்க் போதும், காசு கிடையாது.

அடுத்து, நம்ம பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம். சென்னை ஐ.ஐ.டி. 2015 மே மாதம் அம்பேத்கர்-பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்து, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் திருப்பிக் கொடுத்த அதே வளாகம். 2003லிருந்து ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. 2017ல் வந்த ஸ்வயம் தளம் வழியாகவும் படிக்கலாம். பாடத்துக்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. 2020ல் அதே ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் ஒரு இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம். முதல் நாலு வாரப் பாடத்தைப் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. சுவர் தாண்டிப் போக முடியாதவர்கள் கேபிள் வழியாகப் போகலாம். போங்க. வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது நம்ம வரிப்பணம்.

இங்கிலீஷ் கேட்கப் பழகணும்னா ஸ்டாட்குவெஸ்ட் என்ற யூடியூப் தொடர். ஒரு ஆள் நிதானமா, கிண்டலா, படம் போட்டுச் சொல்வார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான 'சீயிங் தியரி' தளத்தில் எழுத்து குறைவு, படம் நகரும். நாணயத்தை நீங்களே ஆயிரம் தடவை சுண்டிப் பார்க்கலாம். ஓபன்இன்ட்ரோ என்ற பாடநூல் இலவசம். கிளாஸ் வில்கே எழுதிய தரவுப்பட அடிப்படை நூல் முழுசாகத் தளத்தில் இருக்கு. எந்தப் படத்தை எப்போ வரையணும், எந்தப் படம் பொய் சொல்லும் என்று உதாரணத்தோடு காட்டுவார். வரைவதற்கு டேட்டாராப்பர் தளத்தில் நிரல் எழுதாமலே வரையலாம். நிரல் எழுதத் துணிந்தவர்களுக்கு ஆர் என்ற மொழி. 1990களில் நியூசிலாந்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கியது, இலவசம், நம்ம அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்கூட ஓடும். லேப்டாப்பே இல்லையா, கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கு, கைபேசி உலாவியிலேயே பைதான் எழுதலாம், கண் வலிக்கும், ஆனா முடியும். உட்கார இடமும் மின்விசிறியும் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்.

என் முறை ஒன்று சொல்றேன். முதலில் தமிழ்ப் பாடநூலில் அத்தியாயத்தைப் படி. பிறகு அதே விஷயத்தை இங்கிலீஷ் வீடியோவில் பார். பிறகு வீடியோக்காரன் தரும் பயிற்சியைப் போடாமல் நம்ம எண்ணைப் போட்டுப் பார். இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஏன் என்று சொல்றேன்.

இந்த இணையப் பாடங்கள் பெரும்பாலானவற்றில் முதல் பயிற்சிக்கு ஒரு தரவு வரும். ஐரிஸ் என்ற பூ. மூன்று வகை, வகைக்கு ஐம்பது, மொத்தம் 150 பூக்களின் இதழ் நீள அகலம். அழகான தரவு. அதை 1936ல் ரொனால்ட் ஃபிஷர் எந்தப் பத்திரிகையில் வெளியிட்டார் தெரியுமா? 'யூஜெனிக்ஸ் ஆண்டுமலர்' என்ற ஆய்விதழில். யூஜெனிக்ஸ் என்றால், உயர்ந்த மனிதன் பெருகணும், தாழ்ந்தவன் பெருகக்கூடாது என்று சொன்ன 'அறிவியல்'. அந்தப் பெயரை 1883ல் வைத்தவர் ஃப்ரான்சிஸ் கால்டன். தொடர்புப் போக்கு என்று நாம் படிக்கும் ரிக்ரஷனின் தகப்பனும் அவர்தான். ஒட்டுறவுக் கெழுவுக்குப் பேர்போன கார்ல் பியர்சன், லண்டனில் யூஜெனிக்ஸ் பேராசிரியர் பதவியில் இருந்தவர். எழும்பூரில் மூக்கை அளந்த இடுக்கியும், நாம் இன்றைக்குக் கணினியில் தட்டும் சூத்திரமும் ஒரே வீட்டுப் பாத்திரங்கள். சூத்திரம் தவறு என்று சொல்லவில்லை, கத்தி யார் வீட்டுக் கத்தியாக இருந்தாலும் வெட்டும். ஆனால் வரலாறு தெரிந்து பிடிக்கணும். பாஸ்டன் வீட்டு விலைத் தரவு என்று இன்னொன்று பல வருஷம் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பத்தி, பகுதியில் கறுப்பர் எத்தனை விகிதம் என்பதை வைத்துச் செய்த கணக்கு. எதிர்ப்புக்குப் பிறகு சைகிட்-லேர்ன் மென்பொருள் அதை 2022ல் நீக்கியது. இத்தனை வருஷம் உலகம் முழுக்க மாணவர்கள் அதைக் கேள்வி கேட்காமல் போட்டிருக்கிறார்கள்.

அதனால் பூவை விடுங்க. நம்ம அட்டவணைக்கு வாங்க.

நான் வங்கிக்காரன், வங்கியிலிருந்தே ஒன்று. 2015 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் சொன்னார்: நாட்டில் 1.25 லட்சம் வங்கிக் கிளைகள், ஒவ்வொரு கிளையும் ஒரு தலித் அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும், ஒரு பெண்ணுக்கும் கடன் கொடுக்கும் என்று. 2016 ஏப்ரலில் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. ஏழு வருஷம் கழித்து, 2023 மார்ச்சில் அரசு சொன்ன கணக்கு: மொத்தம் 1,80,636 கடன்கள். பத்திரிகையில் தலைப்பு இதுதான். ஆஹா, 1.8 லட்சம்! பிரித்துப் பாருங்க. பெண்கள் தலைப்பில் 1,44,787. எஸ்.சி. 26,889. எஸ்.டி. 8,960. எஸ்.சி.யும் எஸ்.டி.யும் சேர்ந்தால் 35,849. இப்போ 1.25 லட்சத்தால் வகுங்க. நூறு கிளைக்கு 29 கடன், அதுவும் ஏழு வருஷத்தில். ஒரே கிளை இரண்டு கடன் கொடுத்திருக்கவும் கூடும், அப்படியானால் கொடுத்த கிளைகள் நூற்றுக்கு 29ஐ விடக் குறைவு. பெண்களுக்கான இலக்கு தாண்டியாச்சு, நூறு கிளைக்கு 116. நல்லது, அதில் நமக்கு வயித்தெரிச்சல் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி '1.8 லட்சம்' என்று தூக்கிக் காட்டும்போது உள்ளே எது காலி என்று தெரியாமல் போகுது. இதை எப்படி வரைவது? சார்ட் பேப்பரில் பத்துக்குப் பத்து, நூறு கட்டம். 29க்கு நீலம் அடி. 71ஐ வெறுமையா விடு. கணினியே வேண்டாம். டு போய்ஸின் மாணவர்களிடமும் கணினி இல்லை.

அடுத்தது குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணை. 2022ல் எஸ்.சி. மக்களுக்கு எதிரான குற்றங்கள் என்று நாடு முழுக்கப் பதிவானது 57,582. உத்தரப்பிரதேசத்தில் 15,368, ராஜஸ்தானில் 8,752, தமிழ்நாட்டில் 1,761. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உ.பி. முதல் இடம். எஸ்.சி. மக்கள்தொகையால் வகுத்து லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் உ.பி. 37, ராஜஸ்தான் 72 கிட்ட. வரிசை மாறிப்போச்சா? தமிழ்நாடு 12. உடனே நம்ம ஊர் மேடைகளில், பார்த்தீங்களா இது சமூகநீதி மண் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்துங்க. அந்த எண் எதை எண்ணுது? குற்றத்தையா? இல்லை, எஃப்.ஐ.ஆரை. காவல் நிலைய வாசலில் உட்காரவைத்து, சமாதானம் பேசி, வன்கொடுமைச் சட்டப் பிரிவைப் போடாமல் சண்டை சச்சரவு என்று எழுதி அனுப்பியது எதுவும் அதில் வராது. புகார் வாங்கினால் எண் ஏறும், வாங்க மறுத்தால் எண் இறங்கும். நல்ல காவல்துறையும் மோசமான காவல்துறையும் ஒரே மாதிரி குறைந்த எண்ணைக் காட்டலாம். வகுத்த மக்கள்தொகையும் 2011 கணக்கு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். ஒரு ஊரே குடித்த தண்ணீர். அட்டவணைக்குள் போனால் அது ஒரு வழக்கு, ஒரே ஒரு எண். அந்த இடத்தில்தான் கவிதை வேண்டியிருக்குது. அட்டவணையைத் தூக்கி எறிவதற்காக இல்லை, பக்கத்தில் வைப்பதற்காக.

வரையறை என்று பாடநூலில் முதல் அத்தியாயத்தில் வரும், எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் சொன்னது, கையால் மலம் அள்ளியதால் இறந்தவர் என்று ஒருவரும் பதிவாகவில்லை என்று. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்கள்? அது வேறு கணக்காம், 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்'. 2014 மார்ச்சில், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போட்ட வழக்கில், 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. யார் பட்டியல் எடுத்தது? தோழர்கள் ஊர் ஊராகப் போய் பெயர், தேதி, தொட்டி இருந்த இடம் என்று எழுதி எடுத்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் கேட்கவே முடியும். அரசுக் கணக்குப்படியே இந்தச் சாவுகளில் முன்னால் நிற்பது நம்ம தமிழ்நாடு. இதைச் சமூகநீதி மேடையில் வரைபடமாக மாட்டிவையுங்கன்னு கேட்டுப் பாருங்க.

வரைபடத்தில் ஒரு தந்திரம் சொல்லி நகர்றேன். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் எஸ்.சி. மக்கள் 1,44,38,445, நூற்றுக்கு இருபது. மாவட்ட வாரியாக வண்ணம் அடித்தால் திருவாரூர் 34 சதவீதம், அடர்ந்த நீலம். கன்னியாகுமரி 4 சதவீதம், வெளிறிப்போகும். சென்னை 17 சதவீதம், நடுவில் ஒரு மங்கல் புள்ளி. படத்தைப் பார்க்கிறவன், சென்னையில் தலித் எங்கே சார் இருக்கான் என்பான். எண்ணிப் பார்த்தால் சென்னை மாவட்டத்தில் கிட்டத்தட்ட 7.8 லட்சம் பேர், திருவாரூரில் 4.3 லட்சம். விகிதப் படம் ஒன்றைச் சொல்லுது, எண்ணிக்கைப் படம் வேறொன்றைச் சொல்லுது. இரண்டையும் வரைஞ்சு பக்கத்தில் பக்கத்தில் வைக்கணும். ஒன்றை மட்டும் காட்டுகிறவனிடம் ஏன் என்று கேட்கணும். இந்த அட்டவணைகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளத்தில் வார்டு வரைக்கும் இருக்கு. ஓபன்சிட்டி தளத்திலும் சென்னைத் தரவுகள் பல கிடைக்குது. வரைய கியூஜிஐஎஸ் இலவசம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடையாற்றங்கரையிலும் கூவத்தங்கரையிலும் இருந்த நம் மக்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022 மே மாதம் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அந்தக் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு பஸ்ஸில் எத்தனை மணி நேரம் போகுது என்று நாமே கணக்கெடுக்கலாம். எடுக்கணும். தெரிந்த வீட்டுக்கு மட்டும் போகாமல், பிளாக் பட்டியலை வைத்துப் பத்தாவது வீடு பத்தாவது வீடாக. ஆனால் பேர், கதவு எண், சாதி மூன்றையும் ஒரே தாளில் வைத்து எவன் கைக்கும் கொடுக்காதீங்க. சேரி எங்கே இருக்குன்னு துல்லியமாகப் புள்ளி வைத்த படம், உரிமை கேட்கப் போகிறவனுக்கும் பயன்படும், கல்லெறிய வருகிறவனுக்கும் பயன்படும். பத்து வீட்டுக்கும் குறைவாக உள்ள இடத்தை எப்பவும் பக்கத்துத் தெருவோடு சேர்த்துக் காட்டுங்க.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரல் எழுதித் தருமே என்று ஒரு தம்பி முன்னாடியே கேட்டார். எழுதித் தரும். பிழை திருத்தவும் உதவும், நானும் பயன்படுத்துறேன். ஆனால் எண் கேட்காதீங்க. இல்லாத எண்ணையும் இருப்பது மாதிரி தைரியமாகச் சொல்லும். எண்ணுக்கு மூல அட்டவணை, பக்கம், ஆண்டு. இது மூன்றும் இல்லாத எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடிக்காதீங்க. ஒரு தவறான எண் நூறு உண்மைகளைக் கொன்றுவிடும். எதிராளி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவான்.

இதெல்லாம் இப்போ ஏன் அவசரம் என்றால், 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை, அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவது என்று முடிவெடுத்தது. ஜூனில் அறிவிக்கையும் வந்தது. 2027 மார்ச் 1 கணக்கு நாள். 1931க்குப் பிறகு முதல் முறை. 2011ல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்ததாகச் சொல்லி, சாதி எண்களை வெளியிடாமலே வைத்தார்கள். 2023ல் பீகார் தன் கணக்கை வெளியிட்டது. இந்த முறை எண்கள் வரும்போது, யாருக்கு நிலம், யாருக்கு அரசு வேலை, யார் வீட்டில் பட்டதாரி என்று பிரித்துப் படிக்க நம்மிடம் எத்தனை பேர்? தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் வந்து விளக்குவார், நாம் கீழே உட்கார்ந்து கேட்போமா? அருந்ததியர் பிள்ளைக்கும் பறையர் பிள்ளைக்கும் பள்ளர் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தையும் அந்த அட்டவணை சொல்லும். நமக்குச் சங்கடமான எண்ணும் வரும். அதையும் நாமேதான் முதலில் வரையணும், ஊர் வரைந்து காட்டுவதற்கு முன்னால்.

சராசரி பற்றி ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கார். சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம்னு. பத்துப் பேர் சேமிப்புக் கணக்கு வைத்திருக்காங்க. ஒன்பது பேர் கணக்கில் இரண்டாயிரம், ஒருத்தர் கணக்கில் இரண்டு லட்சம். சராசரி 21,800. அந்தப் பணம் அந்தப் பத்துப் பேரில் யாரிடமும் இல்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் இரண்டாயிரம் என்பார். அவர்தான் இடைநிலை. தெரு வளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், சராசரியா நடுவில் நிற்பவரா என்று கேளுங்க.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் மூன்று அத்தியாயத்தை இறக்கிப் படிச்சுட்டு வாங்க. ஆளுக்கு ஒரு வார்டு பிரித்துக்கொள்வோம். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மூன்றையும் முடித்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்குப் போகலாம். லேப்டாப் இருப்பவர் கொண்டு வரட்டும். இல்லாதவர் கட்டம் போட்ட நோட்டும் ஒரு நீல ஸ்கெட்ச் பேனாவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான் எடுத்துட்டு வரேன்.